நான்கு மாதம், ஏழு ஆசைகள்

செப்டம்பர் முதல் வாரம் கிளம்பி டிசம்பர் கடைசியில் திரும்ப வேண்டும். கணவன் மனைவி இருவர். பத்து ஆண்டுகளாகத் தள்ளிக்கொண்டே வந்த பயணம். பட்டியலில் இத்தாலி, நார்வேயின் துருவ ஒளி, வியட்நாம், ஜப்பான், பெரு, தென் அமெரிக்காவின் தென்கோடியான பட்டகோனியா, நாள் மிச்சமிருந்தால் நியூசிலாந்து. உங்களுக்கு மலை வேண்டும். மனைவிக்கு ஓர் ஊரில் நிலையாகத் தங்கி ஒரு மொழியைக் கற்க வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று கேட்கிறீர்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெருவில் தொடங்கி, பொலிவியா, சிலி, அர்ஜென்டினா வழியாகப் பட்டகோனியாவில் முடியுங்கள். மற்ற ஐந்தையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். ஏழில் இரண்டுதானா என்று கோபம் வரலாம். இரண்டே அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஒரே கோட்டில் அமைந்திருப்பதால்தான் இரண்டையும் அனுமதிக்கிறேன்.

என்னுடைய முதல் நீண்ட பயணத்தில் 5 மாதத்தில் 11 நாடுகள் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிடக் கடந்தேன் என்பதே சரி. இன்று யோசித்தால் நினைவுக்கு வருவது ரயில் நிலையங்களில் பெட்டியை வைக்கும் அலமாரிகளும், அடுத்த ஊரில் தங்க இடம் தேடிக் கைப்பேசியைத் தடவிய இரவுகளும்தான். ஆறாவது வாரம் ஒரு பழைய தேவாலய வாசலில் நின்றபோது உள்ளே போகவே மனம் வரவில்லை. துணி துவைக்க ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பது அந்த வாசலில்தான் எனக்குப் புரிந்தது.

பத்து நாள் சுற்றுலாவைப் பன்னிரண்டால் பெருக்கினால் நான்கு மாதப் பயணம் வந்துவிடாது. பத்து நாள் என்றால் உற்சாகத்திலேயே ஓட்டிவிடலாம். நான்கு மாதத்தில் காய்ச்சல் வரும், மழை வரும், இருவருக்கும் சண்டை வரும், எதையும் பார்க்க விருப்பமில்லாத செவ்வாய்க்கிழமைகள் வரும். ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வோர் இடத்தையும் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டுப்பாருங்கள்: இந்த இடத்துக்குப் பின்னொரு வருடம் இரண்டு வார விடுமுறையில் போய் வர முடியுமா? முடியும் என்றால் அதற்கு இந்த நான்கு மாதத்தைச் செலவழிக்காதீர்கள். உங்களுக்கு அரிதாகக் கிடைத்திருப்பது நீண்ட காலம். அது இருந்தால்தான் கிடைக்கும் ஒன்றை இப்போது வாங்குங்கள்.

இந்தக் கேள்வியிலேயே பாதிப் பட்டியல் கழிந்துவிடும். இத்தாலி செப்டம்பரிலும் அக்டோபரிலும் அருமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் விரைவு ரயில் இணைக்கிறது; பன்னிரண்டு நாளில் நிறைவாகப் பார்க்கலாம், அறுபது வயதிலும் பார்க்கலாம். துருவ ஒளி ஒரு வார வேலை. வட நார்வேயின் ட்ரோம்சோவில் செப்டம்பர் முதல் மார்ச் வரை இரவு போதிய இருட்டாக இருக்கும். மேகம் மறைத்தால் வாரம் முழுக்க ஒன்றும் தெரியாது. அதிர்ஷ்டத்தை நம்பும் ஒரு காட்சிக்காக நீண்ட பயணத்தின் வழியையே வளைப்பது எனக்கு உடன்பாடில்லை.

வியட்நாமைத் தள்ளுவதற்குக் காரணம் வேறு, பருவம். அந்த நாடு வடக்கு தெற்காக ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர் நீளம். வடக்கில் ஒரு வானிலை, நடுவில் ஒன்று, தெற்கில் ஒன்று. நீங்கள் போகும் அக்டோபர், நவம்பரில் ஹுவே, ஹோய் ஆன் இருக்கும் நடுப்பகுதியில்தான் மழை கொட்டும், வெள்ளமும் வரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போனால் மூன்று பகுதிகளும் ஓரளவு ஒத்துழைக்கும். நியூசிலாந்திலும் இதே கணக்குதான். அங்கே செப்டம்பர் வசந்தத்தின் தொடக்கம். உயரமான கணவாய்களில் பனி இருக்கும். பெயர்பெற்ற நீண்ட நடைபாதைகளுக்கு முழுப் பருவம் அக்டோபர் கடைசியில்தான் ஆரம்பிக்கிறது. ஜனவரியில் விடுப்பு கிடைத்திருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேன். பெரும்பாலானோர் நாட்டை முதலில் முடிவுசெய்துவிட்டு வானிலையைக் கடைசியில் பார்க்கிறார்கள். விடுப்பு மாதம் மாற்ற முடியாதது என்றால் மாதத்திலிருந்துதான் நாட்டுக்குப் போக வேண்டும், நாட்டிலிருந்து மாதத்துக்கு அல்ல.

இப்போது தென் அமெரிக்காவை உங்கள் மாதங்களோடு வைத்துப் பாருங்கள். பெருவின் மலைப்பகுதியில் மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். ஜூன், ஜூலைக் கூட்டம் செப்டம்பரில் குறைந்துவிடும், வானம் இன்னும் தெளிவாகவே இருக்கும். அக்டோபரில் ஆங்காங்கே மழை எட்டிப்பார்க்கும். கனமழை என்றால் அது ஜனவரி, பிப்ரவரிக்குத்தான். மறுமுனையில் பட்டகோனியாவுக்கு நவம்பரில் வசந்தமும் டிசம்பரில் கோடையும். டிசம்பர் மத்தியில் அர்ஜென்டினாவின் தென்கோடி ஊரான உஷுவாயாவில் 17 மணி நேரத்துக்கு மேல் பகல் வெளிச்சம் இருக்கும். ஆக, வடக்கில் வறண்ட காலம் முடிகிற நேரத்தில் கிளம்பி, தெற்கில் கதவு திறக்கிற நேரத்தில் போய்ச் சேருகிறீர்கள். நான்கு மாதமும் நல்ல பருவம் உங்களோடு தெற்கே நடந்து வருகிறது. வழியில் கடல்தாண்டிப் பறக்கும் பயணம் ஒன்றுகூட இல்லை. உங்கள் தேதிகளுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் இன்னொரு வழி ஒன்றுதான் எனக்குத் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மனைவியின் விருப்பமும் இதில் அடங்கிவிடுகிறது, அதுவும் சமாதானத்துக்காக ஒட்டவைத்ததாக இல்லாமல். நான்கு நாடுகளிலும் ஸ்பானிய மொழிதான். இரண்டாவது வாரம் கற்ற வார்த்தை பதினான்காவது வாரமும் உதவும். இத்தாலி, வியட்நாம், ஜப்பான் என்று தாவினால் ஒவ்வொரு நாட்டிலும் 'நன்றி' என்ற சொல்லோடு படிப்பு நின்றுவிடும். பெருவின் குஸ்கோவிலும் பொலிவியாவின் சுக்ரேயிலும் வெளிநாட்டவருக்கான மொழிப் பள்ளிகள் நிறைய. காலையில் நான்கு மணி நேர வகுப்பு, மாலையில் சந்தையில் பேசிப் பார்ப்பது என்று நாள் போகும். ஆண்டிஸ் மலைப்பகுதியில் ஸ்பானிய மொழியை நிதானமாகவும் தெளிவாகவும் பேசுவார்கள். தொடங்குபவருக்கு அது பெரிய வரம். அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்ஸ் போனதும் கொஞ்சம் திகைப்பார், சொல்லி வையுங்கள். பெருவில் தெருவுக்கு 'காயே' என்று கற்றதை அங்கே 'காஷே' என்பார்கள்.

சுக்ரேயைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பயணத் திட்டங்களில் ஒன்றிரண்டு இரவோடு கடந்துவிடும் ஊர் அது. வெள்ளையடித்த பழைய கட்டடங்கள், 2,800 மீட்டர் உயரத்தில் இதமான வெயில், மாணவர்கள் நிறைந்த சதுக்கம். பார்க்க வேண்டிய இடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, அதனால்தான் மூன்று வாரம் தங்கச் சொல்கிறேன். ரொட்டிக் கடைக்காரர் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும் ஊர் ஒன்றாவது இந்தப் பயணத்தில் இருக்கட்டும்.

வழியைத் தோராயமாக இப்படிப் பிரிப்பேன். செப்டம்பர் பெரு, அக்டோபரின் பெரும்பகுதி பொலிவியா, நவம்பரில் சிலியின் அட்டகாமா பாலைவனமும் வட அர்ஜென்டினாவும், மாதக் கடைசியில் பட்டகோனியாவின் வட வாசலான பரிலோச்சே, டிசம்பர் முழுக்கப் பட்டகோனியா. இந்தக் கோட்டில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய ஒரே இடம் தொடக்கம். காரணம், உயரம்.

லிமா கடல்மட்டத்தில் இருக்கிறது, குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். இறங்கிய அன்றே தலைவலியும் குமட்டலும் பிடித்து முதல் மூன்று நாளைப் படுக்கையில் கழிப்பவர்கள் ஏராளம். உடற்பயிற்சி செய்து கட்டுடலாக இருப்பவர்களையும் அது விடுவதில்லை. உடலுக்கு நேரம் கொடுப்பதைத் தவிர குறுக்கு வழி கிடையாது, உங்களிடம் நேரம்தான் இருக்கிறதே. லிமாவிலிருந்து நேராகக் குஸ்கோ போகாமல் அரெகிபாவுக்குப் போங்கள். அது 2,300 மீட்டர் அளவு. எரிமலைகளின் அடியில் அழகான ஊர். ஒரு வாரம் இருங்கள். பிறகு குஸ்கோவுக்குப் போய், முதல் சில இரவுகளை நகரத்துக்குப் பதிலாகக் கீழே உள்ள புனிதப் பள்ளத்தாக்கில் கழியுங்கள். அங்கே ஒயாந்தைதாம்போ 2,800 மீட்டர்தான். 3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. இன்கா காலத்து மலை நகரமான மச்சு பிச்சுவைக் கண்டு பயப்பட வேண்டாம், அது 2,430 மீட்டரில், குஸ்கோவைவிடக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தாழ்வாக இருக்கிறது. உங்கள் இருவரில் யாருக்காவது இதயம், நுரையீரல் தொல்லை இருந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். இந்த ஒரு விஷயம் என் பதில் முழுவதையும் மாற்றிவிடக்கூடியது.

மச்சு பிச்சுவுக்கு நடந்துபோகும் புகழ்பெற்ற இன்கா பாதைக்கு வழிகாட்டிகள், சுமைதூக்கிகள் உட்பட நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். சல்கந்தாய் பாதை 4,600 மீட்டர் கணவாயைத் தாண்டிப் போகிறது. மலை பார்க்க வேண்டும் என்பவருக்கு அதுவே மேல் என்பேன். நீங்கள் ஐந்து நாள் நடந்துவிட்டு வாருங்கள், மனைவி குஸ்கோவில் வகுப்புக்குப் போகட்டும். நான்கு மாதமும் இருவரும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. திரும்பி வந்து சொல்ல இருவருக்கும் கதை இருந்தால் சாப்பாட்டு மேசை சுவையாக இருக்கும்.

பொலிவியாவில் உயூனி உப்புப் பாலைவனம் 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. நீங்கள் படங்களில் பார்த்திருக்கும் வானம் தரையில் பிரதிபலிக்கும் காட்சி ஜனவரி முதல் மார்ச் வரை நீர் தேங்கும்போதுதான். அக்டோபர் கடைசியில் போகும் உங்களுக்கு வெள்ளைவெளேரென்று அறுகோண வடிவில் வெடித்த உப்புத் தரை கிடைக்கும். ஏமாற்றமடையக் கூடாது என்பதற்காக இப்போதே சொல்கிறேன். அங்கிருந்து மூன்று நாள் ஜீப் பயணமாகச் சிவப்பு ஏரி, வெந்நீர் ஊற்றுகள் வழியே எல்லை தாண்டிச் சிலியின் சான் பெத்ரோவுக்கு இறங்கலாம். ஓர் இரவாவது 4,000 மீட்டருக்கு மேல், குளிர் எலும்பைத் தொடும். ஆனால் அதற்குள் உங்கள் உடல் இரண்டு மாதம் உயரத்தில் பழகியிருக்கும். இரண்டு வாரப் பயணிக்கு இந்தப் பழக்கம் கிடைக்காது. மாதக்கணக்கில் போவதன் லாபம் இதுதான். சிலி எல்லையில் பையில் பழமோ விதையோ தேனோ இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மறந்துபோன ஓர் ஆப்பிளுக்கு அபராதம் கட்டியவர்களின் கதை அந்தப் பாதையில் தினமும் கேட்கும்.

பொலிவியாவில் சாலை மறியல் அடிக்கடி நடக்கும், 'ப்ளோகேயோ' என்பார்கள். பஸ் நிலையத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தால் அன்று பயணம் இல்லை. அதனால் மறுநாள் விமானம், அதற்கு மறுநாள் முன்பதிவு செய்த மலைநடை என்று நெருக்கமாக அடுக்காதீர்கள். ஒவ்வொரு மாதத்திலும் நான்கைந்து நாளுக்கு எந்தப் பெயரும் வைக்காமல் விட்டுவிடுங்கள்.

பட்டகோனியாவைப் பற்றி நீங்களே நிறையப் படித்திருப்பீர்கள், சுருக்கமாக முடிக்கிறேன். அர்ஜென்டினாவின் எல் சால்தென் ஊரிலிருந்து ஃபிட்ஸ் ராய் மலையின் அடிவாரத்துக்கு ஒரு நாள் நடையாகவே போய் வரலாம், கூடாரம் தேவையில்லை. ஆனால் மலை முகம் காட்ட வேண்டுமே! மேகம் மூடினால் நாள்கணக்கில் மூடியிருக்கும், காற்று ஆளைத் தள்ளும். மூன்று இரவு மட்டும் தங்கி மலையைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் பலர். எட்டு இரவு தங்குங்கள். சிலியில் இருக்கும் டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவில் அப்படி முடியாது. குறிப்பிட்ட முகாம்களில் மட்டுமே இரவு தங்கலாம், அதற்கு முன்பதிவு கட்டாயம். டிசம்பருக்கான இடங்கள் சீக்கிரமே போய்விடும். டிசம்பர் கடைசி வாரம் அந்த நாடுகளின் சொந்தக் கோடை விடுமுறை என்பதையும் மறக்காதீர்கள். 24, 25 தேதிகளில் கடைகள் அடைந்திருக்கும், பஸ்கள் குறைவு.

இனி விசா. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும், ஆனால் முதலில் எழுதினால் யாரும் மேலே படிப்பதில்லை. உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று சொல்லவில்லை. அதைப் பொறுத்து மேலே உள்ள நான்கு நாடுகளில் சிலவற்றுக்கு விசா வேண்டியிருக்கலாம், ஒன்றுக்கும் வேண்டாமலும் இருக்கலாம். அந்தந்தத் தூதரகத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தை மட்டும் நம்புங்கள். நீண்ட பயணம் போகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு: வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது. பல தூதரகங்கள் நீங்கள் வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பத்தை வாங்கும். மூன்றாவது மாதம் தேவைப்படும் விசாவையும் வீட்டிலிருந்தே வாங்க வேண்டியிருக்கும், ஆனால் சில விசாக்கள் வழங்கிய சில மாதங்களில் காலாவதியாகிவிடும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தபின் டிக்கெட் வாங்குங்கள். விமானம் அமெரிக்கா வழியாக என்றால் அங்கே வெறுமனே விமானம் மாறுவதற்கும் அந்நாட்டின் அனுமதி வேண்டும். கடவுச்சீட்டு பயணம் முடிந்து ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக இருக்கட்டும். அமேசான் பக்கம் ஓர் எட்டு வைக்கும் எண்ணமிருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பத்து நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும்.

ஐரோப்பாவையே நான்கு மாதம் சுற்றினால் என்ன என்று மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஷெங்கன் ஐரோப்பிய நாடுகளில் விசா இல்லாமலோ குறுகிய கால விசாவிலோ போகிறவர் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது. 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. இத்தாலியில் நாள் முடிந்தது என்று கிரீஸுக்குப் போனால் புதுக் கணக்குத் தொடங்காது. நான்காவது மாதத்தை ஷெங்கனுக்கு வெளியே உள்ள அல்பேனியா, செர்பியா போன்ற நாடுகளில் கழிப்பவர்கள் உண்டு. முடியாதது இல்லை, ஆனால் அந்த நவம்பர், டிசம்பர் இருட்டில் மலையேற்றத்துக்கு என்ன இருக்கிறது?

உயரம் ஒத்துவராது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், நான் சொன்ன இன்னொரு வழி ஜப்பான். ஜப்பான் மட்டும். வடகோடித் தீவான ஹொக்கைடோவின் தாய்செத்சுசான் மலையில் செப்டம்பர் மத்தியிலேயே இலைகள் சிவக்கத் தொடங்கும். அந்தச் சிவப்பு அக்டோபரில் தோஹொகு மலைகளுக்கு இறங்கி, நவம்பர் பிற்பகுதியில் கியோட்டோவை அடையும். அதன் பின்னாலேயே நீங்கள் ரயிலில் வரலாம். செப்டம்பரில் புயல் ஒன்றிரண்டு குறுக்கிடும், தெற்கே போகாமல் ஹொக்கைடோவிலேயே இருந்தால் பெரும்பாலும் தப்பலாம். தங்கும் அனுமதி பல நாட்டவருக்கு 90 நாள். நான்கு மாதத்தை மூன்றாகச் சுருக்க வேண்டிவரும். இதை ஏன் முதலாவதாகச் சொல்லவில்லை என்றால், ஜப்பானை இரண்டு வாரமாக வெட்டி வெட்டிப் பல தடவை பார்க்கலாம். லிமாவிலிருந்து உஷுவாயா வரை தரைவழியாகப் போவதை அப்படி வெட்ட முடியாது.

செலவைப் பற்றி அதிகம் பேசவில்லை, தெரிந்தே. விமான டிக்கெட்டுக்கு அடுத்தபடி பணத்தைத் தின்பது இடம் மாறுவதுதான். ஓர் ஊரில் மூன்று வாரம் தங்கினால் வாடகை குறையும், சமைக்கலாம், பஸ் செலவு இல்லை. அர்ஜென்டினாவில் மட்டும் பழைய பயணக் குறிப்புகளில் படிக்கும் விலைகளை நம்பாதீர்கள். 2023இல் அங்கே ஆண்டுப் பணவீக்கம் 200 சதவிகிதத்தைத் தாண்டியது. அதன்பிறகும் நிலவரம் பலமுறை புரண்டுவிட்டது.

இப்போதே செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். லிமாவில் இறங்கி பியூனஸ் அயர்ஸிலிருந்து திரும்பும்படி ஒரே டிக்கெட். போகவர ஒரே ஊர் என்று எடுத்தால் கடைசியில் ஒரு கண்டத்தை மறுபடி ஏற வேண்டும். இன்கா பாதை வேண்டுமென்றால் அதற்கு அனுமதி. மச்சு பிச்சுவுக்கு நேரமும் சுற்றுப்பாதையும் குறித்த நுழைவுச்சீட்டு. டோரஸ் டெல் பைனே முகாம்கள். அரெகிபாவில் முதல் வாரத்துக்கு ஓர் அறை. காப்பீட்டை வாங்கும்போது 4,600 மீட்டர் வரை நடப்பதற்கும் தொடர்ச்சியாக 120 நாளுக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல காப்பீடுகள் இரண்டிலும் பாதியில் நின்றுவிடும். சுக்ரேயில் வீட்டை இப்போது பிடிக்க வேண்டாம். போய் இறங்கி, இரண்டு நாள் விடுதியில் இருந்து, மனைவியின் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் வெயில் விழும் மாடியாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.